மாங்கனித் தெருவில் ஜெர்மன் பீரங்கி

போன வாரம் எங்கள் வாடகை சைக்கிள் கடையைப் பற்றி எழுதினேன். இந்த வாரம் ஒரே ஒரு மாம்பழம். அது என் முந்தானையில் விழுவதற்கு ஜெர்மன்காரனின் பீரங்கி ஒன்று வேண்டியிருந்தது. கேட்டால் சிரிப்பு வரும். இதை எழுதும்போது எனக்கும் வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

ஆனி மாதத்து வெயில். காரைக்காலில் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் பவழக்கால் சப்பரத்தில் வீதியுலா வருகிறார். தெருவின் இரண்டு பக்கமும் மாடியில், ஓட்டுக் கூரையில், கடை வாசல் பந்தலின் மேலே எல்லாம் ஆட்கள். சாமி தங்கள் வீட்டைக் கடந்ததும் மேலே நிற்பவர்கள் மாங்கனி இறைப்பார்கள். வேண்டுதல் பலித்தவர்கள் இறைப்பார்கள். வேண்டுதல் இருப்பவர்கள் கீழே நின்று பிடிப்பார்கள். பிள்ளை இல்லாத பெண்ணின் கையில் ஒரு கனி விழுந்துவிட்டால், காரைக்கால் அம்மையாரே கொடுத்துவிட்டதாக அர்த்தம்.

நான் முந்தானையை விரித்துக்கொண்டு ஒரு சுவர் ஓரமாக நின்றேன். விரித்தேன் என்றுதான் பெயர். இத்தனை ஆண்பிள்ளைகள் நடுவில் தலையைத் தூக்கி மேலே பார்க்க என்னால் முடியவில்லை. என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஒரு கனி என் தோளில் பட்டுத் தெறித்தது. பக்கத்தில் நின்ற பெண் குனிந்து எடுத்தாள். நல்லவள். என் தோளில் பட்டதைப் பார்த்திருக்கிறாள்.

"ஒங்க மேலதானக்கா பட்டுச்சு? இந்தாங்க, வச்சுக்குங்க."

நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

ஏன் ஆட்டினேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. யாராவது எதையாவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்வது எனக்குச் சிறு வயதிலிருந்தே வழக்கம். சொல்லிவிட்டேன். அவள் போய்விட்டாள்.

என் மாமியார் எதிர்ப்பக்கத்திலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமியார் வைத்த கெடு

வீட்டுக்கு வந்ததும் அவர் சத்தம் போடவில்லை. காலைக் கழுவிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார்.

"ஏண்டி, அவ நீட்டுறா. நீ வேணாங்குற. சாமியே வீடு தேடி வந்து குடுத்தாக்கூட இருக்கட்டும் பரவால்லன்னுதான் சொல்லுவ போலருக்கு."

நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

"எனக்கு ஒம்மேல கோவமில்ல. பெரியவன் கல்யாணமே வேணாம்னுட்டான். சின்னவனுக்காச்சும் ஒண்ணு வேணாமா? வர்ற வருஷ மாங்கனி வரைக்கும் பாக்குறேன். ஒங்கையில ஒண்ணு விழுந்திச்சின்னா அம்மையாரு சரின்னு சொல்லிட்டதா நெனச்சிக் காத்துக்கிட்டிருப்பேன், எத்தனை வருஷமானாலும். விழலேன்னா கோட்டுச்சேரிப் பொண்ணுக்கு வெத்தல பாக்கு மாத்திடுவேன். நீ இந்த வீட்டுலயே இரு, ஒன்ன யாரும் தொரத்தல."

அந்தக் காலத்தில் இது பெரிய கொடுமை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'தொரத்தல' என்று சொன்னதே கருணைதான். என் கணவர் வாசலில் சைக்கிள் ஒன்றுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்திருக்கும். பம்ப் அடிக்கும் சத்தம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகக் கேட்டது.

கூடத்து நாற்காலியில் இன்னொருவரும் இருந்தார். என் மூத்தார்.

சுவரோடு பேசுகிறவர்

மூத்தார் என்றால் கணவரின் அண்ணன். எங்கள் பக்கத்தில் தம்பி மனைவி மூத்தாருக்கு நேரே நிற்கக் கூடாது, பேசக் கூடாது. அவரும் பேச மாட்டார். ஒரே வீட்டில் ஏழெட்டு வருஷம் இருந்தும் நாங்கள் ஒரு வார்த்தை நேருக்கு நேர் பேசியதில்லை. அவருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து, "தாகமா இருக்கு" என்பார். நான் சொம்பைக் கதவோரம் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். குழம்பு நன்றாக இருந்தால், "இன்னைக்கு மீனு நல்ல மீனு" என்று பூனையிடம் சொல்வார். கிளிஞ்சல்மேட்டு மீன்காரிக்குப் போக வேண்டிய பாராட்டா, எனக்கா என்று பூனைக்குத்தான் தெரியும்.

ஊரில் அவரை சொல்தா என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்களை எல்லாம் அப்படித்தான் கூப்பிடுவோம். மீசை முளைத்த வயதில் கப்பல் ஏறிப் போயிருக்கிறார். போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பிரான்சில் ஜெர்மன்காரனிடம் பிடிபட்டுவிட்டார். யுத்தம் முடிகிறவரை கைதி. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். மாமியாரும் அதற்குமேல் கேட்டதில்லை. உயிரோடு வந்தான், போதும் என்று இருந்துவிட்டார்.

எனக்கு மற்றது தெரிய வந்தது காசிம் பாயால்.

காசிம் பாய்க்குச் சாமி வரும் தெருவில் பாத்திரக் கடை. கீழே கடை, மேலே வீடு, அதற்கு மேலே மொட்டை மாடி. இளவயதில் கப்பலில் பினாங்கு வரை போய் வந்தவர். மூத்தாருக்கு இருந்த ஒரே சிநேகிதர். அந்தித் தொழுகை முடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வருவார். வந்தால் வாய் சும்மா இருக்காது.

நாலு வயதுப் பிள்ளை கனம்

மாமியார் கெடு வைத்து ஒரு வாரம் போயிருக்கும். அடுப்படியில் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கூடத்தில் காசிம் பாயின் குரல்.

"அம்மா சொன்னாங்க. அந்தப் பொண்ணு பாவம், மாங்காயப் புடிக்கத் தெரியலன்னு ஒரு தண்டனையா? எனக்கும்தான் கேரம் ஆடத் தெரியாது. என்ன செய்வீங்க?"

மூத்தார் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "மாங்காயப் பாத்து ஓடுனா மாங்கா கெடைக்காது பாய்."

"பின்ன எதப் பாத்து ஓடுறது? மானத்தப் பாத்தா?"

"ஏரோப்ளேன் இருக்குற எடத்தப் பாத்துச் சுட்டா ஏரோப்ளேன் விழாது. குண்டு மேல போயிச் சேர்றதுக்குள்ள அது எங்கயோ போயிருக்கும். போயிச் சேர்ற நேரத்துல அது எங்க இருக்குமோ, அங்க சுடணும். ஜெர்மன்காரன் அப்படித்தான் சுட்டான்."

"நீ பாத்தியாக்கும்?"

"நாந்தான குண்டு தூக்குனேன்."

என் கை நின்றுவிட்டது. "துருவுற சத்தத்தக் காணுமே?" என்று மாமியார் கொல்லையிலிருந்து குரல் கொடுத்தார். மெதுவாகத் துருவிக்கொண்டே கேட்டேன். அன்றும், அதற்குப் பிறகு பல அந்திகளிலும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டதைச் சேர்த்துச் சொல்கிறேன். எனக்குப் புரிந்த அளவில்தான்.

கடலோரமாக ஒரு துறைமுக ஊர். அதற்கு வெளியே வயலில் நாலு பீரங்கி. சுற்றிலும் மண்ணைக் குவித்துக் கரை கட்டியிருக்கிறார்கள். நீளக் குழாய், வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். அந்தப் பீரங்கிகளுக்குக் கண் கிடையாது என்பார் மூத்தார். கண் வேறு இடத்தில் இருந்தது.

கொஞ்ச தூரம் தள்ளி ஒரு மேடை. அதில் குறுக்கே ஒரு குழாய். இரண்டு ஆள் கையை விரித்து நின்றால் எவ்வளவோ, அத்தனை நீளம். அதன் இரண்டு முனையிலும் கண்ணாடி. ஒருவன் நடுவில் நின்று இரண்டு கண்ணாலும் பார்ப்பான். விமானம் எவ்வளவு தூரம் என்று அது சொல்லும்.

"குழாய்ல பாத்தா தூரம் எப்படிய்யா தெரியும்?" என்றார் காசிம் பாய்.

"வெரல மூஞ்சிக்கு நேரா நீட்டு. ஒரு கண்ண மூடு. இப்ப அத மூடிக்கிட்டு மத்தத் தொற. வெரலு நவுருதா?"

"ஆமா, குதிக்குது."

"இப்ப தூரத்துல அந்தத் தூணப் பாத்து அதே மாதிரி செய்யி. அவ்வளவு குதிக்குதா?"

"இல்ல."

"அதான். ரெண்டு கண்ணுக்கும் நடுவுல எடம் இருக்குறதாலதான் கிட்டக்க எது, எட்டக்க எதுன்னு தெரியுது. அந்தக் கொழாயில ரெண்டு கண்ணும் அவ்வளவு தள்ளித் தள்ளி வெச்சிருக்கான். அதனால வானத்துல போறதுகூடத் தெரியும்."

அடுப்படியில் நானும் விரலை நீட்டிப் பார்த்தேன். குதித்தது.

ஒருவன் தூரம் பார்ப்பான். ஒருவன் விமானம் பக்கவாட்டில் போவதைத் தொடர்வான். ஒருவன் உயரத்தைத் தொடர்வான். இன்னும் சிலர் ஆளுக்கொரு சக்கரத்தைச் சுற்றுவார்கள். எல்லாம் சேர்ந்து அந்தக் குழாய்க்கு அடியில் இருக்கும் ஒரு பெட்டிக்குள் போகும். விமானத்தின் வேகம் என்ன, எந்தப் பக்கம் போகிறது, குண்டு மேலே போய்ச் சேர எத்தனை நேரம், அதற்குள் விமானம் எங்கே வந்திருக்கும் என்று பெட்டியே கணக்குப் போட்டுவிடும். பெட்டி இருக்கும் இடம் வேறு, பீரங்கி இருக்கும் இடம் வேறு அல்லவா? அந்த வித்தியாசத்தையும் கழித்துக்கொள்ளும். நாலு பீரங்கிக்கும் ஒரே திசையை வடக்கு என்று முதலிலேயே ஒத்துவைத்திருப்பார்களாம். பிறகு தடிமனான கம்பி வழியாகச் சேதி போகும்.

பீரங்கியில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் குழாயை மேலும் கீழும் ஆட்டுகிறவன். ஒருவன் பக்கவாட்டில் திருப்புகிறவன். இருவருக்கும் முன்னால் கடிகாரம் போல ஒரு வட்டம். அதில் கம்பி வழியாக வந்த சேதிக்கு ஒரு முள் நகரும். அதன்மேல் தன்னுடைய முள் போய் உட்காரும்படி அவன் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். அவ்வளவுதான் அவன் வேலை.

"அப்ப சுடுறவன் ஏரோப்ளேனப் பாக்கவே மாட்டானா?"

"தலையத் தூக்குனா முள்ளு தப்பிடும். ஆபீசர் திட்டுவான்."

மூன்றாவது ஆளிடம் இரண்டு குழி வைத்த ஒரு பெட்டி. குண்டின் மூக்கை அந்தக் குழிக்குள் நுழைக்க வேண்டும். அவனும் ஒரு முள்ளைப் பார்த்துச் சக்கரம் சுற்றுவான். உள்ளே குண்டின் மூக்கில் இருக்கும் வளையம் திரும்பும். மேலே போய் எத்தனையாவது நொடியில் வெடிக்க வேண்டும் என்பது அந்த வளையத்தில் இருக்கிறது. குண்டு விமானத்தின் மேல் முட்ட வேண்டியதில்லை. பக்கத்தில் போய் வெடித்தால் போதும், சிதறுகிறது தைக்கும். மூக்குத் திரும்பியதும் தோல் உறை மாட்டிய கையோடு ஒருவன் அதைக் குழாய்க்குள் தள்ளுவான். மணி அடிக்கும். நாலும் ஒரே நேரத்தில் சுடும்.

மண்கரைக்குள் இருந்து குண்டைத் தூக்கிக்கொண்டு வந்து அந்தக் குழிப்பெட்டி அருகே கொடுப்பதுதான் கைதிகளின் வேலை.

"கனமா இருக்குமா சொல்தா?"

"பித்தளக் குப்பியோட சேத்து நாலு வயசுப் புள்ள கனம். இடுப்புல வெச்சுத்தான் தூக்குவோம்."

அதைச் சொன்னதும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அடுப்படியில் ஆள் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

'ஒண்ணுமில்ல'

எத்தனை விமானம் விழுந்தது என்று காசிம் பாய் கேட்ட அந்தி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வெளியே மழை. ஓட்டில் சத்தம். மூத்தார் வழக்கத்தைவிடச் சற்று உரக்கப் பேசினார்.

பக்கவாட்டுச் சக்கரத்தைச் சுற்றுகிறவன் வயதான ஆள். யுத்தத்துக்கு முன்னால் ஏதோ ஊரில் ரொட்டி சுடுகிறவன். ஒவ்வொரு முறை சுட்டு ஓய்ந்த பிறகும் அவன் மூத்தாரைப் பார்ப்பான். புருவத்தை மேலே தூக்கிக் காட்டுவான். மேலே என்ன ஆயிற்று என்று அர்த்தம். அவனுக்குப் பார்க்க நேரமில்லை. குண்டைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிற கைதிதான் வானத்தைப் பார்க்கிறவன்.

"நான் இல்லன்னு தலைய ஆட்டுவேன். அவன் சரின்னு கைக்குட்டையால மூஞ்சியத் தொடச்சிக்குவான். முக்காவாசி வீணாத்தான் போவும். ஏரோப்ளேன்காரன் கொஞ்சம் வளைஞ்சு போனான்னா பெட்டி போட்ட கணக்கு தப்பு. நேராப் போறவந்தான் மாட்டுவான். எனக்கு அவங்க வளைஞ்சு போகணும், வளைஞ்சு போகணும்னுதான் வேண்டுதல். எங்கள விடுவிக்க வர்றவன் அவன்தான பாய்? அவனுக்கே நான் குண்டு தூக்குறேன்."

"ஒண்ணுகூட விழலியா?"



"ஒரு தடவ விழுந்திச்சு. பகல்ல. றெக்க ஒடிஞ்சு சுத்திச் சுத்தி வந்திச்சு. எத்தனை பேரு குதிப்பாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். யாரும் குதிக்கல. அந்தக் கெழவன் வழக்கம்போலப் புருவத்தத் தூக்குனான். நான் ஒண்ணுமில்லன்னு தலைய ஆட்டிட்டேன்."

"நம்புனானா?"

"ரொம்ப நேரம் என்னயே பாத்தான். அப்புறம் மூஞ்சியத் தொடச்சிக்கிட்டான். ராத்திரிக்கு அவன் ரொட்டியில பாதிய என்கிட்ட வெச்சிட்டுப் போனான்."

காசிம் பாய் அன்று கேலி ஒன்றும் பேசவில்லை. "அல்லாஹ்" என்று மட்டும் சொன்னார். நான் டீயைக் கதவோரம் வைத்தேன். இருவரும் எடுக்கவில்லை. ஆறியதை எடுத்துப் போய்ச் சுட வைத்து மறுபடியும் வைத்தேன்.

கொல்லையில் ஒத்திகை

சித்திரை பிறந்ததும் மூத்தார் சுவரைப் பார்த்து ஒரு நாள் சொன்னார். "பழகுனா ஒண்ணு கெடைக்கும்."

அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றும் முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது. பழைய சைக்கிள் டியூபுகளைச் சுருட்டிக் கட்டி மாம்பழ கனத்துக்கு உருண்டைகள் செய்தார் என் கணவர். காசிம் பாய் தொந்தியோடு கொல்லைச் சுவர்மேல் ஏறி நின்றார். மூத்தார் ஒரு முக்காலியைப் போட்டு, எனக்கு முதுகு காட்டி, காசிம் பாயைப் பார்த்து உட்கார்ந்தார். நான் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு முந்தானையை விரித்து நின்றேன். என் பக்கத்தில் என் கணவர்.

முறை இதுதான். உருண்டை எங்கே விழும் என்று மூத்தார் தம்பியிடம் சொல்வார். தம்பி என்னிடம் சொல்வார். மூத்தார் நேராக என்னிடம் சொல்ல முடியாதே!

"தம்பி, வலப்பக்கம், ரெண்டு எட்டு."

"வலப்பக்கம் ரெண்டு எட்டு போ." அதற்குள் உருண்டை விழுந்து உருண்டு கிணற்றடிக்குப் போயிருந்தது.

"யாரோட வலதுண்ணே? ஒன்னோடதா, இவளோடதா?"

"ஏண்டா, ஒரு வடக்கு வெச்சிக்கணும்னு நாந்தான சொல்லியிருக்கணும். தப்பு என்னோடதுதான். சரி, கெணத்துப் பக்கம், வேலிப் பக்கம்னு சொல்றேன்."

அப்படியும் ஒன்றும் விழவில்லை. ஒன்று என் கணவரின் மூக்கில் விழுந்தது.

"இந்தக் கம்பி சரியில்ல சொல்தா!" சுவர்மேலிருந்து காசிம் பாய் கத்தினார். "சேதி மூணு நாள் கழிச்சுப் போவுது. நேரா அந்தப் பொண்ணுகிட்டயே சொல்லித் தொலையேன்!"

அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமியார் முறத்தைத் தட்டினார். "அதெப்படிங்க பாய்? மொறன்னு ஒண்ணு இருக்குல்ல. ஊரு சிரிக்காது?"

"சொவத்து மேல ஒரு பாய நிக்க வெச்சிருக்கீங்களே, இதுக்கு ஊரு அழுவுதா?"

மூத்தார் சிரிக்கவில்லை. யோசித்தார். "ஜெர்மன்காரன் இதுக்கும் கணக்கு வெச்சிருந்தான். மூக்கத் திருப்பி உள்ள தள்ளுற நேரத்தயும் சேத்துத்தான் பெட்டி கணக்குப் போடும். தம்பி சொல்ற நேரத்த நான் சேத்துக்குறேன். பாய், ஒன் கைய நான் இனிமே பாக்கப் போறதில்ல. தோளப் பாக்குறேன். கை வீசறதுக்கு முந்தியே தோளு சொல்லிடுது."

மறுநாளிலிருந்து முந்தானையில் விழ ஆரம்பித்தது. பத்தில் ஒன்று, பிறகு நாலில் ஒன்று. நான் மேலே பார்க்க வேண்டியதே இல்லை. சொன்ன இடத்துக்குப் போய் விரித்து நின்றால் போதும். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. முதல்முறை விழுந்தபோது என் கணவர் என் தலையில் செல்லமாகத் தட்டினார், அம்மா இருப்பதை மறந்துவிட்டு.

கம்பி அறுந்தது

திருவிழா அன்று காலையிலேயே இடம் பிடித்துவிட்டோம். மூத்தாரும் மாமியாரும் காசிம் பாயின் மொட்டை மாடியில். எதிர்மாடியில் ஒரு மளிகைக் கடைக்காரர் வீடு. அவர்களுக்கு அந்த வருஷம் பேரன் பிறந்திருந்தான். கூடை கூடையாக இறைக்கப் போகிறார்கள் என்று ஊரே அங்கே நின்றது. நானும் என் கணவரும் அந்தக் கூட்டத்தின் நடுவில். கோயில் பக்கம், கடைப் பக்கம் என்று எங்கள் வடக்கை வைத்திருந்தோம்.

நாகஸ்வரச் சத்தம் நெருங்கியது. சப்பரம் வந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன், எதுவும் கேட்கத் தோன்றவில்லை. சாமி கடந்ததும் மேலே ஒரே ஆரவாரம். மாங்கனிகள் விழத் தொடங்கின.

கூட்டம் ஒரு அலை மாதிரி வந்து மோதியது. என் கணவரின் கையைப் பிடித்திருந்தேன். பிடி விட்டுப்போயிற்று. அவர் தலை கொஞ்ச தூரத்தில் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. "சிவகாமி" என்று அவர் கூப்பிட்டது போல இருந்தது. வேறு யாரையோ யாரோ கூப்பிட்டதாகவும் இருக்கலாம்.

என் தோள்மேல், முதுகுமேல் ஆட்கள் விழுந்தார்கள். பக்கத்தில் பெண்கள் தாவித் தாவிப் பிடித்தார்கள். நான் முந்தானையைக் கூட விரிக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என் காலைப் பார்த்து நின்றேன். கோட்டுச்சேரிப் பெண்ணின் முகம் எப்படி இருக்கும் என்று அந்த நேரத்தில் போய் நினைத்துப் பார்த்தேன்.

"சிவகாமி!"

மேலே இருந்து வந்தது. என் கணவர் குரல் இல்லை.

"சிவகாமி! கோயில் பக்கம் ரெண்டு எட்டு!"

என் உடம்பு கூசிப்போயிற்று. என் பெயர் அந்த வாயில் வந்து நான் கேட்டதில்லை. கால் தானாக நகர்ந்தது.

"பின்னால ஒரு எட்டு! நில்லு! விரிம்மா, விரி!"

விரித்தேன். மேலே பார்க்கவில்லை. முந்தானை இழுபட்டது. கழுத்துவரை இழுத்தது. குனிந்து பார்த்தேன். காம்போடு ஒரு பெரிய பழம், ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் பச்சை.

ஒரு நிமிஷம் என்னைச் சுற்றி எந்தச் சத்தமும் கேட்கவில்லை. யாராவது பிடுங்கிவிடுவார்கள் என்று அப்படியே சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டேன். பக்கத்தில் ஒரு ஆள், "சொல்தா தம்பி பொண்டாட்டிய பேரு சொல்லிக் கூப்புடுறாருடா!" என்று இன்னொருவனிடம் சொன்னது காதில் விழுந்தது. விழட்டும் என்று இருந்தது.

அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். மாடிக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூத்தார் குனிந்திருந்தார். என்னைத்தான் பார்த்தார். புருவத்தைத் தூக்கினார்.

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். என்ன ஆயிற்று என்று காசிம் பாய் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார். மூத்தார் அவரிடம் என்ன சொன்னார் என்பதைக் காசிம் பாய்தான் பின்னால் எங்களிடம் சொன்னார்: "அங்க இருந்தவரைக்கும் படக் கூடாது, படக் கூடாதுன்னே வேண்டுனேன் பாய். படணும்னு இன்னைக்குத்தான் வேண்டியிருக்கேன்."

அதற்குப் பிறகு

அந்தப் பழத்தை நானும் என் கணவரும் ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டோம். புளிப்பு. மாமியார் கொட்டையைக் கழுவிச் சாமி மாடத்தில் வைத்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவில் ஒரு பெண் அதைப் பற்றி இழுத்தபோது, "எம்பெரியவன் கூப்புட்டா ஒனக்கென்னடி நட்டம்?" என்று கேட்டுவிட்டு வந்தார்.

கோட்டுச்சேரிப் பேச்சு எடுக்கப்படவில்லை. மாமியார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த ஆனியும் என் வயிற்றில் ஒன்றுமில்லாமல்தான் வந்து போனது. அவர் முகம் வாடியதே தவிர, வாய் திறக்கவில்லை. அதற்கும் அடுத்த வருஷம் பங்குனியில் எனக்குப் பெண் பிறந்தாள். மாங்கனியால்தானா என்று படித்த என் மகளே இப்போது கேட்கிறாள். எனக்குத் தெரியாது. அந்த மாங்கனி இல்லாவிட்டால் அந்த இரண்டு வருஷம் எனக்குக் கிடைத்திருக்காது. அது மட்டும் தெரியும்.

வேண்டுதல் பலித்தால் இறைக்க வேண்டும் அல்லவா? அந்த ஆனியில் காசிம் பாயின் மொட்டை மாடியில் எங்கள் கூடையும் இருந்தது. பிள்ளை மாமியாரின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. சாமி கடந்தது. கீழே கைகள், முந்தானைகள், விரித்த துண்டுகள்.

நான் ஒரு பழத்தை எடுத்து மூத்தாரிடம் நீட்டினேன். அவரிடம் நானாக முதன்முதலில் பேசியது அன்றுதான்.

"மொதக் கனிய நீங்க போடுங்க அத்தான்."

அவர் வாங்கிக்கொண்டார். கைப்பிடி ஓரம் வந்தார். கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. கீழே இருந்தவர்கள், "போடுங்க சொல்தா, போடுங்க!" என்று கத்தினார்கள். காசிம் பாய், "என்னய்யா, பெட்டி இன்னும் கணக்குப் போடலியா?" என்றார்.

மூத்தார் கையை இறக்கினார்.

"மேலருந்து போட்டா யாருக்குப் போவுதுன்னு தெரியாதும்மா," என்றார் என்னிடம். சுவரிடம் இல்லை, என்னிடம். "நான் கீழ போயிக் குடுத்துட்டு வர்றேன்."

கூடையைத் தோளில் தூக்கிக்கொண்டு படி இறங்கினார். நாங்கள் மேலே இருந்து பார்த்தோம். நரைத்த தலை கூட்டத்துக்குள் போனது. நாலு பக்கத்து மாடிகளிலிருந்தும் கனிகள் பறந்துகொண்டிருந்தன. ஒன்று அவர் முதுகில் விழுந்தது, அவர் திரும்பவில்லை. முன்னால் நிற்கும் பெண்ணின் முகத்தைப் பார்ப்பார். ஒரு கனியை எடுத்து அவள் கையில் வைப்பார். அவள் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும்வரை நிற்பார். பிறகுதான் அடுத்தவளிடம் போவார்.